புது வெர்ஷன் யாருக்கு, எப்போது?

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். திருவொற்றியூரில் பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை. எண்ணூர் விரைவுச் சாலையோரம் நாலு டிரெய்லர் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி. காசிமேட்டில் ஐஸ் பிளான்ட். தொழில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் உள்ளறைக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஒரு கம்ப்யூட்டர், அதில் டேலி என்ற கணக்கு மென்பொருள், அதன் முன்னால் கணக்கு பார்க்கும் ஒருவர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த அறைக்குப் போன் வருகிறது. புது ரிலீஸ் வந்துவிட்டது, மாற்றிவிடலாமா என்று டேலியை விற்றுப் பராமரிக்கும் பார்ட்னர் கேட்கிறார்.

பதில் சொல்பவர் முதலாளி. அவர் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு ஆகும், கட்டாயமா? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த ஸ்கிரீன் முன்னால் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. மாறிய மறுநாள் காலையில் பில் போட வேண்டியவர் அவர். பேலன்ஸ் இடித்தால் ஆடிட்டரிடம் நின்று பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வடசென்னையின் சிறு நிறுவனங்கள் இந்த விஷயத்தில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

வேறு ஊரில் பில் அரை நாள் தாமதமானால் ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். இங்கே வண்டி நிற்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், ஜி.எஸ்.டி. பதிவு உள்ள இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லையும் ஏற்றுமதிப் பில்லையும் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து ஐ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். இது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. அந்த எண் இல்லாத பில்லைச் சட்டம் பில்லாகவே மதிப்பதில்லை. இ-வே பில் இல்லாமல் சரக்கு ரோட்டுக்கு வந்தால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆவது பிரிவின்படி வண்டியை நிறுத்தி வைத்து, வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்கலாம். ஜீரோ கேட்டுக்கோ, காமராஜர் துறைமுகத்துக்கோ, காட்டுப்பள்ளிக்கோ போக வேண்டிய கன்டெய்னருக்குக் கப்பலின் கட்-ஆஃப் நேரம் உண்டு. அது தவறினால் பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும், அதற்கான வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், புதிதாக ஏற்றிய மென்பொருளில் பில் எங்கே போடுவது என்று ஒருவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

வரிச் சட்டம் வந்து தள்ளியபோது

டேலி பிறந்த கதையே ஒரு சப்ளையரின் கதை. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் சப்ளை செய்துவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கிய வேலை அது. மகனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆலையைச் சுற்றிப் பிழைக்கும் சப்ளையர்கள் நிறைந்த ஊர்தான் திருவொற்றியூரும். 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் இங்கே தயாராகத் தொடங்கியது. எம்.ஆர்.எஃப். 1946-இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாக இங்கே ஆரம்பித்தது. விம்கோ நகருக்குப் பெயர் தந்தது தீப்பெட்டி ஆலை. பக்கத்தில் எண்ணூரில் அசோக் லேலண்டு. இப்படிப்பட்ட ஆலைகளை நம்பி வளர்ந்த பட்டறைகளுக்கு டேலி அவ்வளவு சுலபமாகப் பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை.

அன்றிலிருந்து பார்த்தால், இந்தப் பகுதியில் மென்பொருள் மாறிய நேரங்களில் பெரும்பாலும் பின்னால் ஒரு வரிச் சட்டம் நின்றிருக்கிறது. பல மாநிலங்கள் 2005 ஏப்ரலில் வாட் வரிக்கு மாறியபோது டேலி 7.2 வந்தது. தமிழ்நாடு தயங்கி நின்று 2007 ஜனவரி 1-இல்தான் மாறியது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லோரும் டேலி ஈஆர்பி 9-இன் 6-ஆவது ரிலீஸுக்கு ஓடினார்கள். இந்த மாற்றங்களில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. மாறாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

2020 நவம்பரில் வந்த டேலி பிரைம் வேறு மாதிரி. அது முதலில் காட்டியது புதுத் தோற்றத்தை: மெனு மாறியது, தேடும் வழி மாறியது. பழகிய கைக்கு இது தொந்தரவு என்று பலரும் ஈஆர்பி 9-இலேயே இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே காலத்தில் இ-இன்வாய்ஸ் வரம்பு படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி, 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி. பெரிய கம்பெனிகளின் தலைவலி என்று நினைத்திருந்தது மூன்று வருஷத்தில் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும் என்ற கெடுவும் 2025 ஏப்ரல் 1 முதல் சேர்ந்துகொண்டது. நாளைக்கு நாற்பது பில் போடும் இடத்தில் ஒவ்வொன்றையும் அரசுத் தளத்தில் தனியாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. பில் சேவ் ஆகும்போதே ஐ.ஆர்.என். வந்து விழ வேண்டும். அதற்குப் புதுப் பதிப்பு தேவை. இந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

யாருக்குக் கட்டாயம் இல்லை

பார்ட்னர் போனில் சொல்லாமல் விடும் விஷயங்களும் உண்டு. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு, அதாவது ஜி.டி.ஏ.வுக்கு, விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் இ-இன்வாய்ஸ் கிடையாது. விதிவிலக்கு பெற்ற பட்டியலில் அவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர் டிரெய்லர் முதலாளியிடம் யாராவது இ-இன்வாய்ஸைச் சொல்லி அப்டேட் விற்றால், அவர் தாராளமாக மறுக்கலாம்.

வரி விகிதம் மாறுவதும் அப்படியே. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி.யின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் ஒழிந்து, 5, 18 என்ற இரண்டு அடுக்குகள் முக்கியமாயின. வரியைத் தாங்களே வசூலித்துக் கட்டும் (ஃபார்வர்டு சார்ஜ்) ஜி.டி.ஏ.க்களின் 12 சதவீதம் 18 ஆனது. அன்று பலரும் பதறினார்கள். ஆனால் விகிதத்தை மாற்ற மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. சரக்கு அல்லது லெட்ஜர் மாஸ்டரில் எந்தத் தேதி முதல் என்று குறித்துப் புது விகிதத்தைப் பதிந்தால் போதும். பழைய பில்கள் பழைய விகிதத்திலேயே நிற்கும். ஈஆர்பி 9-இலேயே அதற்கு வழி உண்டு. சட்டம் பில்லில் உள்ள விகிதத்தை மட்டும் மாற்றுகிறதா, பில் போடும் முறையையே மாற்றுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆடிட் டிரெயில் விவகாரத்திலும் இதே குழப்பம்தான். யார் எந்த என்ட்ரியை எப்போது திருத்தினார் என்ற தடம் அழியாமல் பதிவாகும் மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. இரண்டு முறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1-இல் அமலானது. அந்தத் தடத்தை 8 வருஷம் காக்க வேண்டும். ஆடிட்டரும் தன் அறிக்கையில் அது இருந்ததா, வருஷம் முழுக்க இயங்கியதா என்று எழுதியாக வேண்டும். கணக்குப் புத்தகம் பற்றிய 128-ஆவது பிரிவை மீறினால் பொறுப்பான இயக்குநருக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே பிரைவேட் லிமிடெட் என்று பெயருக்குப் பின்னால் இருந்தால், இந்தத் தடத்தைப் பதியும் எடிட் லாக் உள்ள பதிப்பு கட்டாயம். அதில் பேரம் இல்லை. ஆனால் இந்த விதி கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருவது. தனிநபர் உடைமையையும் கூட்டாண்மை நிறுவனத்தையும் அது தொடாது. வடசென்னையின் லேத் பட்டறைகளும் மீன் வியாபார நிறுவனங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான். அவர்களுக்கு எடிட் லாக் நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். கட்டாயமா என்றால், இல்லை. இந்த வித்தியாசத்தை அவர்களுக்குச் சொல்லும் கடமை ஆடிட்டருக்கு இருக்கிறது.

மாறும் நாளில் நடப்பது

ஈஆர்பி 9-இலிருந்து பிரைமின் ஆரம்பப் பதிப்புகளுக்குப் போனவர்கள் டேட்டாவை அப்படியே திறந்தார்கள். 2023-இல் வந்த 3.0 ரிலீஸிலிருந்து விஷயம் வேறு. டேட்டாவை மைக்ரேட் செய்ய வேண்டும், செய்த பிறகு அதைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஒருவழிப் பாதை. கைவசம் நல்ல பேக்கப் இல்லாமல் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது.

மைக்ரேட் ஆனதும் பேலன்ஸ் ஷீட் அழகாக வந்து நிற்கும். அதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிப்போர்ட். அதில் 'அன்செர்ட்டன் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். பழைய பதிப்பில் திருத்தாமல் விட்ட குறைகளை, அதாவது எச்.எஸ்.என். இல்லாத சரக்கையும், பதிவு வகை குறிக்காத பார்ட்டியையும், சப்ளை நடந்த மாநிலம் விடுபட்ட பில்லையும், புதுப் பதிப்பு அங்கே எடுத்து வைக்கும். அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டினால் மனம் தளர வேண்டாம். அவை ஏற்கெனவே இருந்த ஓட்டைகள். ஆனால் அவற்றை அடைக்க நாள் வேண்டும். அந்த நாள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளாக இருக்கக் கூடாது.

விரல்களின் கஷ்டம் தனி. ஈஆர்பி 9-இல் கிரெடிட் நோட்டுக்குக் கண்ட்ரோல் எஃப்8, டெபிட் நோட்டுக்குக் கண்ட்ரோல் எஃப்9. பிரைமில் அவை ஆல்ட் எஃப்6, ஆல்ட் எஃப்5. பத்து வருஷமாகக் கீபோர்டைப் பார்க்காமலே என்ட்ரி போட்ட ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. அவர் வேகம் சில வாரங்களுக்குப் பாதியாகும். அந்த வாரங்களில் அவரை அவசரப்படுத்தினால் தப்பான என்ட்ரி விழும். எடிட் லாக் இருக்கும் கம்பெனியில் அந்தத் தப்பும் அதன் திருத்தமும் எட்டு வருஷத்துக்கு ஆவணமாக நிற்கும். முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

ராயபுரத்தின் கிளியரிங் ஏஜென்டுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் போடும் பில் மற்றவர்களுடையதைப் போல இராது. இறக்குமதியாளருக்காகத் தாங்கள் முன்கூட்டிக் கட்டிய சுங்கத் தீர்வை, துறைமுகக் கட்டணம், சி.எஃப்.எஸ். கட்டணம் எல்லாம் ஒரு பக்கம். அதற்கு உரிய நிபந்தனைகள் பொருந்தினால் ஜி.எஸ்.டி. கிடையாது. தங்கள் ஏஜென்சி கட்டணம் இன்னொரு பக்கம்; அதற்கு 18 சதவீதம் உண்டு. மேலே பில் ஆஃப் என்ட்ரி எண், கன்டெய்னர் எண், கப்பல் பெயர். இப்படி ஒரு பில்லை டேலி தானாகத் தராது. யாரோ ஒருவர் அந்த அலுவலகத்துக்கென்றே டி.டி.எல். மொழியில் சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருப்பார். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், மூல நிரல் யாரிடமும் இருக்காது. ஈஆர்பி 9-க்கு எழுதியது பிரைமில் சரியாக ஓடாமல் போகலாம். மாறுவதற்கு முன்னால் அந்த நிரல் யாரிடம் இருக்கிறது, புதுப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தாயிற்றா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல ரிலீஸாக இருந்தாலும் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

அவசரமாக மாறியதால் சிறிய அலுவலகங்கள் மட்டும்தான் கஷ்டப்படுகின்றன என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் எஸ்.ஏ.பி.யை விட்டு ஆரக்கிளுக்கு மாறியது. 1.9 கோடி பவுண்டில் முடிய வேண்டிய வேலையின் செலவு 10 கோடி பவுண்டை எட்டும் என்று மதிப்பிட வேண்டி வந்தது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கக்கூட ஊழியர்கள் திணறினார்கள். சம ஊதிய வழக்குகளின் பாக்கியும் சேர்ந்துகொள்ள, 2023 செப்டம்பரில் அந்த மாநகராட்சி கையில் பணமில்லை என்று அறிவித்தது. நம் வருமான வரித் தளமும் 2021 ஜூன் 7-இல் புதுப்பொலிவோடு திறந்த நாள் முதல் திணறியது. நிதியமைச்சர் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்டார். ஜூலை 31-இல் முடிய வேண்டிய தாக்கல் டிசம்பர் 31 வரை நீண்டது. அரசு தன் கெடுவைத் தானே நீட்டித்துக்கொள்ளலாம். பட்டறைக்கு அந்த வசதி இல்லை.

22-ஆம் தேதிக்குப் பிறகு

ஆகவே தேதி முக்கியம். மாதத்தின் முதல் மூன்று வாரங்கள் கணக்கறைக்குச் சொந்தமில்லை. 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-இல் ஜி.எஸ்.டி.ஆர்-1, 15-இல் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-இல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி. காலாண்டு முறையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 22. அதன் பிறகு மாதக் கடைசிக்கு முன்னால் கிடைக்கும் சில நாட்கள்தான் மாறுவதற்கு உரியவை. மார்ச் வேண்டாம், செப்டம்பர் வேண்டாம். ஏப்ரல் 1 என்று சிலர் நல்ல நாள் பார்ப்பார்கள். போன வருஷக் கணக்கு முடிக்காத நிலையில் அன்று மாறுவது இரட்டை வேலை. ஆனால் ஒரு விஷயம்: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், டி.டி.எஸ். பிரிவு எண்கள் அடியோடு மாறுகின்றன. லாரி வாடகைக்கும் ஜாப் ஒர்க்குக்கும் பார்த்துப் பார்த்துப் பழகிய 194சி கூட 393-க்குள் போய்விடுகிறது. டி.டி.எஸ். பிடிக்கும் நிறுவனங்கள் அந்த மாற்றத்தைத் தாங்கும் ரிலீஸில் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேலி உரிமம் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். வருடச் சந்தா தீர்ந்தாலும் கையில் இருக்கும் பதிப்பு ஓடும். புது ரிலீஸும் இணைய வழிச் சேவைகளும்தான் நிற்கும். ஒற்றைப் பயனர் உரிமத்தின் சந்தா அண்மை ஆண்டுகளில் 4,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. டிரெய்லர் ஒரு நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை. கிராக் செய்த பதிப்பில் தொழில் நடத்துபவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: உங்கள் கடன்பாக்கி முழுவதும் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலின் கையில் இருக்கிறது. இதை உடனே விடுங்கள்.

பதிப்புத் தொல்லையே வேண்டாம் என்று கிளவுடுக்குப் போகிறவர்களும் அதிகரிக்கிறார்கள். சென்னை நிறுவனமான ஜோஹோவின் புக்ஸ் 2011 முதல் இருக்கிறது. அங்கே அப்டேட் தானாக நடக்கும். மாறலாமா என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். அது வசதி, அதே சமயம் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இல்லை. துறைமுக நேரத்தோடு ஓடுபவர்கள் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கட்டும்.

எந்த வழியில் போனாலும் பேக்கப் விஷயத்தில் வடசென்னைக்குச் சமரசம் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த பகுதி இது. தரைத்தள அறையில், மேசைக்கு அடியில் வைத்த சிபியுவும் அதன் மேலேயே வைத்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில் மூழ்கும். ஜி.எஸ்.டி. சட்டமோ கணக்கை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு பிரதி மாடியில், ஒரு பிரதி ஊருக்கு வெளியே அல்லது கிளவுடில். மாறுவதற்கு முன் எடுத்த பழைய பிரதியைத் தனியாகப் பெயரிட்டு வையுங்கள். அது திறக்கிறதா என்று இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

அடுத்த தடவை அந்தப் போன் வரும்போது, முதலாளிகளே, உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். உள்ளறைக்குப் போய் உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்: நம் பில்லில் எது நின்றுபோகும், எந்த டி.டி.எல். யாரிடம் இருக்கிறது, எந்த வாரம் தோதுப்படும், பழக எத்தனை நாள் வேண்டும். அவர் சொல்லும் தேதியைப் பார்ட்னருக்குக் கொடுங்கள். மாறும் அந்த வாரத்தில் அவருக்கு வேறு வேலை வைக்காதீர்கள். பயிற்சிக்கு ஆகும் செலவை அப்டேட் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.